ஓடைக்கு நாற்பது அடியில் கழிவுக்குழி: வால்பாறை மழைக்கு எது தாங்கும்?

கேள்வி: 2023 ஜூன் 11

வால்பாறையிலிருந்து சோலையாறு போகிற வழியில் எங்கள் வீடு. வீட்டில் ஆறு பேர். வாரக் கடைசியில் விருந்தாளிகள் வந்தால் பத்தாகிவிடும். பழைய கக்கூஸ் குழி போன ஜூலையில் பொங்கி வாசல்வரை வந்துவிட்டது. புதிதாகப் பதினைந்து அடிக்கு உறை இறக்கினால் ஆயுசுக்கும் நிரம்பாது என்கிறார் மேஸ்திரி. குழி வரும் இடத்திலிருந்து நாற்பது அடியில் ஓடை. கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்காரர்கள் அதே ஓடையில்தான் குழாய் போட்டுக் குடிக்கிறார்கள். அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள், இறக்கலாமா?

ஜூன் 11, இரவு

இறக்காதீர்கள் தம்பி. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இதே மலையில் ஓர் எஸ்டேட்டில் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பார்த்து 22 வருஷம் ஓட்டியவன். ஆழம் போனால் மண் இழுத்துக்கொள்ளும் என்பது கீழ்நாட்டுக் கணக்கு. கோயம்புத்தூரில் வருஷத்துக்கு 600, 700 மி.மீ. மழை. வால்பாறையில் 3,500 மி.மீ.க்குப் பக்கம், சின்னக்கல்லாறு பக்கம் அதற்கும் மேலே. அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜூலையில் இங்கே எந்த மேட்டில் கடப்பாரை போட்டாலும் ஊற்று கசியும். பதினைந்து அடி உறை இறக்கினால் மண் உங்கள் கழிவைக் குடிக்காது, உங்கள் குழிதான் மலைத் தண்ணீரைக் குடிக்கும். நிலத்தடி நீரும் கழிவும் ஒரே மட்டத்தில் கலந்து நின்றால் நாற்பது அடி ஒரு தூரமே கிடையாது.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு அடி அகலத்தில் மூன்று அடி ஆழக் குழி. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் அரை அடித் தண்ணீர் விட்டு, ஒரு இஞ்ச் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முப்பதுக்குள் என்றால் உறிஞ்சுகுழியைப் பற்றி யோசிக்கலாம். அறுபதைத் தாண்டினால் அந்த ஆழத்தில் மண் வேலைக்காகாது. இப்போதே, மழையிலேயே செய்யுங்கள். மார்ச் மாதத்து மண் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லும்.

ஜூன் 13

நேற்று படுத்த பிறகு ஞாபகம் வந்தது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை. பழைய குழி ஏன் பொங்கியது?

கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பத்து வீட்டில் ஏழு வீட்டில் ஓட்டுத் தண்ணீரை இறக்கும் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒன்றாகச் சேர்த்துக் குழிக்குள் விட்டிருப்பார்கள். கொத்தனாருக்கு ஒரு குழாய் மிச்சம். கணக்குப் போடுங்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. பெய்தால் 6,000 லிட்டர். பத்துப் பேர் வீட்டுக்குக் கட்டும் செப்டிக் டேங்க் மொத்தமே 2,500 லிட்டர்தான். ஒரே நாளில் டேங்கை இரண்டு தரத்துக்கு மேல் கழுவி, அடியில் தங்கிய கசடையும் கலக்கி, ஓடைக்கு அனுப்பிவிடும். மழையில் சுத்தமானது டேங்க், அழுக்கானது ஓடை.

என் வீட்டிலும் இது நடந்தது. மூன்று வருஷம் குழியைக் குறை சொன்னேன். கூரைக் குழாயைப் பிரித்துத் தேயிலைக்குள் விட்ட மழைக்காலத்தோடு பொங்குவது நின்றது. செலவு இரண்டு நீளம் பிவிசி குழாயும் ஒரு வளைவும்.

ஜூன் 20

ஒரு மணி நேரம் ஆகியும் முக்கால் இஞ்ச் இறங்கவில்லை என்கிறீர்கள். நான் பயந்தது சரியாகிவிட்டது. மேஸ்திரியிடம் அந்தக் குழியைக் காட்டுங்கள், வாதாட வேண்டியிருக்காது. கூரைக் குழாயும் பழைய குழியில் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே பிரியுங்கள், மற்றது மெதுவாகப் பார்க்கலாம்.

மற்றது இப்படி. கக்கூஸ் தண்ணீர் செப்டிக் டேங்குக்கு. அதன் பின்னால் இரண்டு சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் குழாய் வழியாக அடிக்கு இறங்கி, கசடுக்குள் புகுந்து மேலே ஏற வேண்டும். டேங்க் மட்டும் இருந்தால் அழுக்கில் பாதிகூடக் குறையாது. பின்னறைகள் சேர்ந்தால் நன்றாகவே குறையும். அப்புறம் ஜல்லிப் படுகை, அதில் கல்வாழையும் சம்பும். பாண்டிச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த முறையைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், மேலிருந்து கீழே தானாக ஓடும். மலையில் நமக்குச் சரிவுக்கா பஞ்சம்!

சமையல்கட்டுத் தண்ணீரை வாழை வட்டத்துக்கு விடுங்கள். ஆறடி அகலக் குழி, மூன்றடி ஆழம், உள்ளே மிலாரும் (தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிய குச்சி) சருகும் போட்டு மூடி, சுற்றி நாலு வாழை.

ஜூலை 2

வாழை வேண்டாம். போன குறிப்பில் அந்த இடத்தை அடித்துவிட்டு வாசியுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு அக்கா எழுதிக் கேட்டார்கள்: "யானை வழியில் இருந்துகொண்டு வாழை வைக்கச் சொல்கிறீர்களே, உங்களுக்கு என்ன ஆயிற்று?" நியாயமான கேள்வி. சமவெளியில் பார்த்து வந்ததை யோசிக்காமல் எழுதிவிட்டேன். இங்கே ராத்திரியில் யானை இருக்கிறது என்று சொல்ல ரோட்டோரம் சிவப்பு விளக்கே எரிகிறது. இப்படிப்பட்ட ஊரில் வீட்டுப் பின்வாசலில் வாழை நடுவது கூப்பிட்டு விருந்து வைப்பதற்குச் சமம். யானை வாழைக்கு வரும், திரும்பும்போது டேங்க் மூடிமேல் கால் வைக்கும். நாலு இஞ்ச் சிலாப் அதைத் தாங்காது. மூடி உடைந்து யானைக்குட்டி உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாழைக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. வறண்ட ஊரில் வாழை இலை தண்ணீரை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும், அதனால் குழி காயும். ஜூலையில் நம் ஊர்க் காற்று ஏற்கனவே நனைந்த துணி மாதிரி இருக்கிறது. இலை எதை எங்கே விடும்? செடி தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையில் போடும் எந்தத் திட்டமும் மழைக்காட்டில் நாலு மாதம் படுத்துவிடும்.

கல்வாழைக் கிழங்கைக் காட்டுப்பன்றி தோண்டும் என்பதையும் அக்காவே சொன்னார்கள். ஜல்லிமேல் கோழிவலையைப் படுக்கவைத்துக் கல் ஏற்றுங்கள். என் படுகையில் நட்டதைவிடத் தானாக வந்த சேம்புதான் நன்றாக நிற்கிறது.

ஜூலை 3

ஆகாயத்தாமரை போடலாமா என்று கேட்ட நண்பருக்கு: கூடவே கூடாது. ஒரு வெள்ளத்தில் ஓடைக்குப் போய், அங்கிருந்து அணைக்குப் போய்விடும்.

ஜூலை 19

பொள்ளாச்சி நண்பர் ஒரு தங்கும் விடுதியின் சோதனை அறிக்கையைப் போட்டு, "பிஓடி (தண்ணீரில் இருக்கும் மக்கும் அழுக்கைக் காட்டும் அளவு) 28 வந்திருக்கிறது, 30-க்குக் கீழே இருந்தால் ஓடையில் விடலாம் என்று விதியே இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். மாதிரி எடுத்த தேதியைப் பார்த்தேன். நல்ல மழை நாள்.

மழை இல்லாத நாளில் 200 கிராம் அழுக்கு 1,000 லிட்டரில் இருந்தால் லிட்டருக்கு 200 மி.கி. மழை நாளில் கூரைத் தண்ணீர் கலந்து 7,000 லிட்டர் ஆனால் 28 மி.கி.தான். ஓடைக்குப் போன அழுக்கு இரண்டு நாளிலும் அதே 200 கிராம். கிருமியும் அப்படித்தான், எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாது. எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்று அளக்காமல் எடுக்கும் மாதிரி மழை ஊரில் எதையும் சொல்லாது. பிப்ரவரியில் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள் சார்.

இதே கணக்கு என் ஜல்லிப் படுகையையும் இடிக்கிறது. தம்பி வீட்டுக்கு 12 சதுர மீட்டர், இரண்டடி ஆழம் என்று வைத்தால் ஜல்லி இடுக்கில் நிற்பது கிட்டத்தட்ட 2,900 லிட்டர். ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் வந்தால் மூன்று நாள் தங்கும். 100 மி.மீ. பெய்கிற நாளில் படுகையின் தலையிலேயே 1,200 லிட்டர் விழுகிறது. மூன்று நாள் ஒன்றரை நாளுக்கும் கீழே போய்விடும்.

அதற்காகப் படுகைக்குத் தகரக் கூரை போட்டுப் பார்த்தேன். கல்வாழை வெளுத்து மெலிந்துவிட்டது. வெளிச்சத்தை உள்ளே விடும் ஷீட் போட்டால் ஒரே வருஷத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. இப்போது கூரை இல்லை. பக்கத்து மேட்டுத் தண்ணீர் உள்ளே வழியாதபடி சுற்றி ஓரடிக்கு வரப்பு கட்டியிருக்கிறேன், தலையில் விழுவதை ஏற்றுக்கொண்டேன். இது முழுத் தீர்வு இல்லை, தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 8

பிளாஸ்டிக் டேங்க் பற்றிக் கேட்டவருக்கு. எங்கள் லைனுக்கு ஒரு தடவை அப்படி ஒன்றை வாங்கிப் புதைத்தார்கள். விற்றவர்கள் பெயர் வேண்டாம். மே கடைசியில் லாரி வைத்து முழுக்க உறிஞ்சிக் காலியாக்கினோம். ஜூன் இரண்டாம் வாரம் காலையில் போய்ப் பார்த்தால் டேங்க் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு இரண்டடி மேலே வந்து நின்றது. 2,000 லிட்டர் காலி டேங்கைச் சுற்றித் தண்ணீர் ஏறினால் இரண்டு டன் விசையில் மேலே தள்ளும். டேங்க் எடை நூறு கிலோகூட இருக்காது.

பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் அடியில் கான்கிரீட் போட்டுக் கட்டி இறுக்குங்கள். எந்த டேங்க்கானாலும் கசடு எடுப்பது ஜனவரி, பிப்ரவரியில். எடுத்த அன்றைக்கே நல்ல தண்ணீர் நிரப்பிவிடுங்கள். காலி டேங்கோடு மழைக்காலத்துக்குள் போகக் கூடாது.

நவம்பர் 5

கசடு எடுக்க லாரிக்கு எவ்வளவு ஆகும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், நிறைந்த டேங்கோடு அதே நாற்பதும் இறங்க வேண்டும். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழையுங்கள், பங்கு போட்டால் கட்டுப்படியாகும்.

லாரி வேண்டாம், இரண்டு ஆள் இறக்கி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வாசலிலேயே நிறுத்துங்கள். எனக்கு ஒருவர் அப்படிச் சொன்னார், கூடவே இரண்டு பையன்களை நிற்கவைத்திருந்தார். ஒருவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. டேங்குக்குள் இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குகிறவனையும் சேர்த்துச் சாய்க்கும். 2013-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. போன மாதம் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கச் சொல்லியிருக்கிறது. முப்பது லட்சம் கொடுத்தாலும் செத்த பிள்ளை திரும்பி வரமாட்டான். அன்றைக்கு வந்து நின்ற அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் டேங்க் கட்டும்போதே மூடியின் அளவையும் இடத்தையும் யோசிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி. மேலே நின்றே குழாய் விட்டு உறிஞ்ச முடிய வேண்டும், மேலே நின்றே கம்பு விட்டு அளக்க முடிய வேண்டும்.

2024 பிப்ரவரி 18

தம்பி கட்டத் தொடங்கிவிட்டார். போன வாரம் போய்ப் பார்த்தேன். டேங்க் ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், தண்ணீர் ஆழம் நாலரை அடி. பின்னால் இரண்டு அறை. படுகையில் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, நடுவில் முக்கால் ஜல்லி, கடைசியில் மறுபடி ஒன்றரை. எம்-சாண்ட் தூசி ஒட்டிய ஜல்லி வந்திருந்தது. கழுவிப் போடச் சொன்னேன். இரண்டு நாள் கூலி போயிற்று, மேஸ்திரிக்குக் கோபம். கழுவாத ஜல்லி ஆறு மாதத்தில் அடைக்கும், அப்போது மொத்தமாக வெளியே எடுக்க வேண்டும்.

போன இடத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சில்வர் ஓக்கும் பழைய காப்பிச் செடியும் நிற்கிற மூலையில் சருகு முழங்கால் அளவுக்கு. கையால் விலக்கினால் கறுப்பு மண், வேர், மண்புழு. அதே சோதனையை அங்கே ஒரே ஒரு அடி ஆழத்தில் செய்து பார்த்தோம். ஒரு இஞ்ச் இறங்கப் பதினெட்டு நிமிடம்! மூன்றடியில் ஒரு மணி நேரம் ஆகியும் இறங்காத அதே நிலம். பிப்ரவரியில் மண் காய்ந்திருப்பது கொஞ்சம் உதவியிருக்கும், முதல் நாள் நானே எச்சரித்ததுதான். ஜூனில் மறுபடி அளக்கணும். ஆனால் வித்தியாசம் அதனால் மட்டும் வந்ததில்லை. காட்டு மண்ணின் உயிரெல்லாம் மேல் ஓரடியில்தான் இருக்கிறது. காற்று போகும், வேர் போகும், கரையான் துளைக்கும். அதற்குக் கீழே களி.

எனவே உறிஞ்சுகுழி உதவாது என்று ஜூனில் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். குழி உதவாது, மேலாகப் பரப்பினால் உதவும். படுகையிலிருந்து வரும் தண்ணீரை மட்டம் பார்த்து வெட்டிய ஓரடிக் கால்வாயில் விட்டு, மேலே மிலார், சருகு போட்டு மூட வேண்டும். முப்பது அடி நீளம் போதும் என்று தோன்றுகிறது. கவாத்து வெட்டும் வருஷத்தில் மிலாருக்குக் குறையே இருக்காது. நம் சிவப்பு மண்ணில் இரும்புச் சத்து அதிகம். சோப்புத் தூளிலிருந்தும் கக்கூஸிலிருந்தும் வரும் பாஸ்பேட்டை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஜல்லிக்கு அந்தக் குணம் கிடையாது.

ஜூன் 30

மழையில் அளந்தாயிற்று. ஓரடியில் முப்பத்தைந்து நிமிடம். குழிக்கு ஆகாது, கால்வாய்க்கு ஆகும்.

ஆகஸ்ட் 9

ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுச் செய்திக்குப் பிறகு இதில் எழுத மனசு வரவில்லை. முண்டக்கை, சூரல்மலை எல்லாம் நம்மைப் போன்ற தேயிலை ஊர்கள். அந்தச் சரிவுக்கும் கழிவுக் குழிக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அது மேலே காட்டில் பெய்த மழையில் மலையே இறங்கியது. ஆனாலும் சரிவான நிலத்துக்குள் தண்ணீர் விடச் சொன்னவன் நான், தூக்கம் வரவில்லை. மறுநாளே தம்பிக்குப் போன் செய்தேன்.

முப்பது அடியை ஒரே கால்வாயாக வெட்டச் சொன்னது தப்பு. எங்காவது ஓரிடம் தாழ்ந்துவிட்டால் மொத்தத் தண்ணீரும் அங்கேயே சேர்ந்து மண்ணை ஊறவைக்கும். பத்தடித் துண்டாக மூன்று, நடுவில் வெட்டாத மண். வீட்டுக்கு மேல்புறம் கூடவே கூடாது. ரோட்டுக்காக மண் வெட்டிய விளிம்புக்குப் பக்கத்திலும் கூடாது. அந்த மூலையில் இருக்கும் மரங்களில் ஒன்றையும் வெட்டாதீர்கள். சரிவு ரொம்பச் செங்குத்தாக இருப்பவர்கள் கால்வாயை மறந்துவிட்டு, படுகையை இரண்டு மடங்காக்குங்கள்.

தம்பி மூன்றாகப் பிரித்துவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடைசித் துண்டிலிருந்து சருகு வழியாக வழிந்ததாம், நாற்றம் இல்லையாம். கூரைத் தண்ணீர் தனியே போவதால் டேங்க் பொங்கவில்லை.

ஆகஸ்ட் 10

தண்ணீரே இல்லாத கக்கூஸ் பற்றிக் கேட்டவருக்கு: திருச்சிப் பக்கம் முசிறியில் மூத்திரம், மலம், கழுவும் தண்ணீர் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கும் கழிப்பறை பல வருஷம் நடந்திருக்கிறது. தரைக்கு மேலே கட்டுவதால் ஊற்றுத் தண்ணீர்த் தொல்லை இல்லை. விறகடுப்புச் சாம்பல் நம் ஊரிலும் உண்டு. ஆனால் விருந்தாளி வந்து போகும் வீட்டுக்கு ஒத்துவராது, ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2025 ஜனவரி 26

ஓடை எப்படி இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நேற்று தம்பி வீட்டுக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். பழைய குழி இருந்த இடத்துக்கு நேர் கீழே கல்மேல் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் படிந்திருக்கும், போன வருஷம் பார்த்தது. இப்போது கல் கல்லாகத் தெரிகிறது. இங்கே காலை நீட்டி ஆட்டிச் சைகை காட்டுகிற சின்னத் தவளைகள் உண்டு. 2014-ல் தவளை ஆராய்ச்சியாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த நடனத் தவளைகளில் 14 புது இனங்களை அறிவித்தார்கள். இவற்றில் ஒன்றின் தலைப்பிரட்டை ஓடை மணலுக்குள்ளேயே புதைந்து வளர்கிறது என்பது 2016-ல் தெரியவந்தது. அந்த மணல் இடுக்கில் நம் கசடு போய் அடைத்தால் அதற்குப் போக்கிடம் ஏது? இத்தனை வருஷம் குழாய் பார்த்த நான் மணலுக்கு அடியில் ஓர் உயிர் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

இந்த ஓடை சோலையாறு அணைக்குப் போகிறது, அங்கிருந்து பரம்பிக்குளம் போய்ப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயலுக்கு இறங்குகிறது. அதற்கெல்லாம் முன்னால் லைன் வீட்டுக் குடத்துக்குப் போகிறது. குழாயடியில் நின்ற ஒரு பாட்டியிடம் கேட்டேன். தண்ணீர் இப்போது நாறவில்லை, ஆனாலும் காய்ச்சித்தான் குடிக்கிறோம் என்றார். அப்படியே செய்யுங்கள் பாட்டி, நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தம்பி வீட்டுக்கு மேலே இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. இரண்டிலும் உறைக் குழிதான். ஒரு வீட்டுக்காரர் கூரைக் குழாயை மட்டும் பிரிக்கச் சம்மதித்திருக்கிறார். குழாயும் வளைவும் நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொருவர் யோசிக்கிறார்.

தம்பி, பிப்ரவரி முடிவதற்குள் முதல் அறை மூடியைத் திறந்து, கம்பில் வெள்ளைத் துணி சுற்றி விட்டு, கறுப்பு எத்தனை இஞ்ச் ஏறியிருக்கிறது என்று அளந்து இங்கே எழுதுங்கள். மூடியைத் திறந்ததும் முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். பீடி, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம்.